உச்சிப்புளி மணலில் எந்த அத்தி வைக்கலாம்?

தங்கச்சி மகள் தொண்டியில் வீடு கட்டிக் குடிபோய் ஆறு மாதம் ஆகிறது. கொல்லையில் தென்னை இரண்டு, முருங்கை ஒன்று வைத்துவிட்டாள். மிச்சம் ஒரு குழிக்கு இடம் இருக்கிறது. "பெரியம்மா, அத்தி வைக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்கதான் நாலு வகை வச்சிருக்கீங்களே, எதை வைக்கட்டும்?" என்று போனில் கேட்டாள். "பூனா வை" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஏன் பூனா, மண்ணிலா டிரம்மிலா, எந்த மாதம் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் என்னைப்போலவே அவளும் மூன்று வருடத்தைத் தொலைப்பாள். அதனால் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கரையில் அத்தி வைக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

எங்கள் வீடு உச்சிப்புளிக்குப் பக்கம். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். எங்கே தோண்டினாலும் மணல். கிணற்றுத் தண்ணீர் மழை முடிந்த நாலு மாதம் குடிக்கும்படி இருக்கும். சித்திரை பிறந்தால் கரிக்க ஆரம்பித்துவிடும். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு வெயிலும் காற்றும்தான். கன்று வாங்கப் போகிற எல்லோரும் "எது ரொம்ப இனிப்பு?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு. கரிப்புத் தண்ணீரைத் தாங்குமா? மணலில் இருக்கும் நூற்புழுவுக்கு வேர் பிழைக்குமா? அடைமழையில் இலைத்துரு வந்தால் மரம் மீண்டு வருமா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு இனிப்பைப் பற்றிப் பேசலாம்.

உப்பு விஷயத்தில் கவலை குறைவு. அத்தி மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் வளர்ந்து பழகிய மரம். மாதுளையைப் போல உப்பை ஓரளவு தாங்கும். மாவும் எலுமிச்சையும் இலை நுனி கருகி நிற்கிற அதே தண்ணீரில் எங்கள் வீட்டு அத்தி பச்சையாக நின்றது. ஒன்றே ஒன்று: வீட்டு ஆர்.ஓ. மெஷினில் கழித்து விடுகிற தண்ணீரை "வீணாகப் போகிறதே" என்று அத்திக்கு ஊற்றாதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். டிரம்மில் இருந்த ஒரு கன்றை நான் அப்படித்தான் கருக்கினேன்.

வகைகளுக்கு வருவோம். அத்தி என்றதும் பலர் நினைப்பது நாட்டு அத்தியை. பழைய தமிழில் அதவம் என்பார்கள். தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் பெரிய மரம். பிஞ்சைப் பொரியல் செய்யலாம். பழத்தைப் பிட்டால் உள்ளே சின்னப் பூச்சிகள் இருக்கும். நாம் அஞ்சீர் என்று காய்ந்த பழமாக வாங்கித் தின்பது சீமை அத்தி. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு மரம். கொல்லையில் ஒரு குழிதான் இருக்கிறது, பழம் வேண்டும் என்றால் நாட்டு அத்தி வேண்டாம். அது நிழல் பரப்பி, வேரோட்டி, கிணற்றுச் சுவரையும் கழிவுத் தொட்டியையும் தேடிப் போகும். ஆனாலும் அந்த மரத்தை ஒதுக்கிவிட முடியாது. அதன் வேர் நமக்குத் தேவைப்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சீமை அத்திக்குள்ளேயே ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கன்று வாங்கக் கூடாது. அத்தி பூத்தாற்போல என்று சொல்கிறோமே, அந்தப் பூ வெளியே தெரியாததற்குக் காரணம், நாம் காய் என்று நினைக்கிற உருண்டைக்குள்ளேயே பூக்கள் அத்தனையும் அடைபட்டிருப்பதுதான். சில வகைகளில் அந்தப் பூக்கள் மகரந்தம் சேராமலே பழமாகும். சில வகைகளுக்கு ஒரு சின்னக் குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழம் நிற்கும். ஸ்மிர்னா என்ற வகை அப்படிப்பட்டது. துருக்கியிலிருந்து வரும் காய்ந்த அத்தியில் பெரும்பங்கு இந்த இனம்தான். 1880-களில் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா மரங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். மரம் நன்றாக வளர்ந்தது, பிஞ்செல்லாம் உதிர்ந்தது. 1899-ல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து நிலைக்க வைத்த பிறகுதான் பழம் நின்றது. நம் நாட்டு அத்திக்கும் குளவி உண்டு. ஆனால் அது வேறு குளவி, சீமை அத்திக்கு உதவாது.

கீழக்கரையில் எனக்கு அக்காபோல நெருங்கிய ஒரு லாத்தா இருக்கிறார். குர்ஆனில் 95-வது அத்தியாயமே அத்தியின் பெயரில் இருக்கிறது, வீட்டில் ஒரு அத்தி நிற்பது பரக்கத், இறைவன் தரும் வளம் என்பார். நோன்புக்கு வளைகுடாவிலிருந்து வந்த காய்ந்த அத்தியின் விதையைத் தொட்டியில் தூவி, முளைத்ததில் வலுவான ஒன்றை முற்றத்தில் நட்டார். ஆறு வருடமாக அந்த மரம் அழகாக நின்றது. வருடா வருடம் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு பிடிக்கும், மஞ்சளாகி உதிரும். "ஏதாவது உரம் சொல்லு தங்கச்சி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உரத்தில் குறை இல்லை. விதையிலிருந்து வரும் அத்தியில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும். பெண்ணாக இருந்தாலும் தாய் ஸ்மிர்னா என்றால் குளவி இல்லாமல் பழம் நிற்பது அரிது. இதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. கடைசியில் அந்த மரத்தை முழங்கால் உயரத்தில் வெட்டி, துளிர்த்த கிளையில் என் வீட்டுப் பூனாக் குச்சியை ஒட்டுக் கட்டினோம். இப்போது அதில் பழம் இருக்கிறது. அதனால் விதை வேண்டாம். 'ஆப்கான் அத்தி', 'துருக்கி அத்தி' என்று ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி விற்கும் கன்றும் வேண்டாம். வகையின் பெயர் தெரிய வேண்டும். முடிந்தால் தாய்மரத்தில் பழத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குளவி இல்லாமலே பழுக்கிற வகைகளில் நான் வைத்திருப்பவை நாலு: பூனா, டயானா, பிரவுன் டர்க்கி, பிளாக் மிஷன்.

பூனா என்பது புனே பக்கத்து அத்தி. புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்ததே, அதுபோல. பழம் நடுத்தர அளவு, மணி வடிவம், பழுத்தால் வெளிர் ஊதா, உள்ளே இளஞ்சிவப்பு. அந்த ஊரில் இரண்டு போகம் எடுக்கிறார்கள். மழைக்காலத்துப் போகத்துக்கு 'கட்டா பகார்', அதாவது புளிப்புப் போகம். கோடைப் போகத்துக்கு 'மீட்டா பகார்', இனிப்புப் போகம். இந்தப் பெயர்களைக் கேட்டபோதுதான் எனக்குப் பாதி விஷயம் விளங்கியது. ஒரே மரம், ஒரே கிளை. பழம் மழையில் பழுத்தால் சப்பை, வெயிலில் பழுத்தால் சர்க்கரை. அப்படியானால் எந்த வகை என்பதைவிட எந்த மாதம் பழுக்க வைக்கிறோம் என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. நம் கரையில் ஐப்பசி மழையில் மாட்டும் பழம் எந்த வகையானாலும் கண் வழியாகத் தண்ணீர் இறங்கிப் புளித்துப்போகும். கண் என்பது பழத்தின் அடியில் இருக்கும் சின்னத் துவாரம்.

டயானா கலிபோர்னியாவில் உருவான வகை. பெரிய பழம், பழுத்தால் பொன் மஞ்சள். நான் முதலில் ஆசைப்பட்டது இதைத்தான். ஒரு நர்சரியில் டயானா என்று வாங்கிய முதல் கன்று வளர்ந்து காய்த்தபோது பிரவுன் டர்க்கியாக இருந்தது. அதுதான் இன்று என்னிடம் இருக்கிற பிரவுன் டர்க்கி. இரண்டாவதாக உண்மையான டயானா கிடைத்து, மண்ணில் நேராக நட்டேன். முதல் வருடம் ஆள் உயரம் வந்தது. இரண்டாம் வருடம் இலை சிறுத்தது. மூன்றாம் வருடம் பங்குனி வெயிலில், தண்ணீர் ஊற்ற ஊற்ற, வாடி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மணிமாலை கோத்ததுபோல முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு. மணல்பாங்கான சூடான மண் அதற்கு சொர்க்கம். கத்தரி, தக்காளி, வெண்டை போட்ட பாத்தியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் நட்ட இடம் பழைய கத்தரிப் பாத்திதான். இப்போது இருக்கும் டயானா டிரம்மில் நிற்கிறது, நன்றாகவே காய்க்கிறது.

பிரவுன் டர்க்கியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கஷ்டம் கொடுக்காத மரம், சின்ன வயதிலேயே காய்க்கும், கவாத்துக்குச் சட்டென்று துளிர்க்கும். பழுப்பு ஊதாத் தோல், மிதமான இனிப்பு. மொட்டைமாடியில் ஒரு தொட்டி மட்டும்தான் வைக்க முடியும் என்பவர்களுக்கு இது போதும்.

பிளாக் மிஷன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்பானியப் பாதிரியார்கள் 1769-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் தொடங்கி வரிசையாக மிஷன்கள், அதாவது மதம் பரப்பும் மடங்கள், அமைத்தபோது அவர்களோடு போன அத்தி இது. தோல் கறுப்பு, உள்ளே அடர் சிவப்பு. என் வீட்டில் இதுதான் மிகவும் மெதுவாக வளர்கிறது. கத்திரி வெயிலில் பழம் சிறுத்து, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகவே நிற்கும். ஆனால் ருசி இருக்கிறதே!

போன வைகாசியில் ஒரு நாள் நாலு வகையிலும் ஒரே நேரத்தில் பழம் கிடைத்தது. லாத்தாவை வரச் சொன்னேன். அத்தியை ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பறித்த பிறகு அத்தி மேற்கொண்டு இனிக்காது. வாழைபோல வைத்துப் பழுக்கப்போட முடியாது. அதனால் மரத்திலேயே கழுத்து தளர்ந்து, பழம் தலைகீழாகத் தொங்கி, தோலில் மெல்லிய கீறல் விழும்வரை காத்திருக்க வேண்டும். காம்பைக் கிள்ளும்போது பால் வந்தால் இன்னும் ஆகவில்லை. அந்தப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் புண்ணாகும், கை கழுவிவிடுங்கள். பறிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். காலையில் பறித்து, ஃபிரிட்ஜில் வைக்காமல், நீளவாக்கில் பிளந்து சாப்பிட வேண்டும். முதல் வருடப் பழத்தை வைத்து எந்த வகையையும் எடை போடாதீர்கள். இளமரத்துப் பழம் பெரும்பாலும் வெறும் தண்ணீராகத்தான் இருக்கும்.

பிரவுன் டர்க்கி முதலில். சப்போட்டாவை நினைவுபடுத்தும் அமைதியான இனிப்பு, வாயில் நிற்காமல் போய்விடுகிறது. அடுத்து டயானா. வாய் நிறைய சதை, தேன்போல நேரான இனிப்பு, புளிப்பே கிடையாது. இரண்டு பழம் தின்றால் திகட்டிவிட்டது. பூனா அப்படி இல்லை. இனிப்போடு ஒரு ஈரம் இருக்கிறது. விடியற்காலையில் இறக்கிய பதநீர் குடித்தால் தொண்டையில் ஒரு குளிர்ச்சி வருமே, அந்த வகை. எனக்கு நாலு பழம் தின்ற பிறகும் ஐந்தாவது வேண்டும் போலிருந்தது. கடைசியாக மிஷன். கருப்பட்டிப் பாகில் இலந்தைப் பழத்தின் லேசான புளிப்பைச் சேர்த்ததுபோல ஆழமான ருசி. லாத்தா கண்ணை மூடிக்கொண்டு "இதுதான் பழம்" என்றார். நானும் அதில் அவரோடு சண்டை போடமாட்டேன். நாக்குக்கு மட்டும் கேட்டால் மிஷன்தான் முதல். ஆனால் அன்று மிஷனில் இருந்தது மொத்தம் ஏழு பழம். பூனாவில் ஒரு கூடை.

காய வைக்க வேண்டும் என்றால் டயானாவை எடுங்கள். சதைப்பற்று அதிகம் என்பதால் காய்ந்த பிறகும் மெல்ல ஏதாவது இருக்கும். ஒரு கிலோ பழம் காய்ந்தால் கால் கிலோ அளவுக்கு நிற்கும். சித்திரை, வைகாசியில் கருவாடு காயப்போடுகிற வெயில் இதற்கும் போதும். ஓலைப்பாயில் பரப்பி, மேலே வலைத்துணி போட்டு, பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கடல் காற்றின் ஈரம் ராத்திரியில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சரி, மண்ணிலா டிரம்மிலா? பாதுகாப்பு டிரம்மில், விளைச்சல் மண்ணில். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, செம்மண்ணும் மக்கிய ஆட்டு எருவும் கொஞ்சம் ஆற்று மணலும் கலந்து நிரப்பினால் நூற்புழுத் தொல்லை இல்லாமல் தொடங்கலாம். நம் கொல்லை மணலை அதில் போடவே கூடாது. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதென்றால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி உப்பை எடுத்துவிட்டுச் சேருங்கள். டிரம்மைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளை வழியாக வேர் தரையைத் தொட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், இரண்டு நாள் ஊருக்குப் போனால் இலை கொட்டிவிடும். மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைக் கழுவிவிட மழைக்காலத்தைவிட நல்ல ஆள் கிடையாது. டிரம்மை முற்றத்தில் நனைய விட்டு, அடியில் தண்ணீர் ஓடும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

மண்ணில் வைப்பவர்களுக்குத்தான் நாட்டு அத்தி உதவுகிறது. அதன் வேர் நூற்புழுவை நன்றாகத் தாங்கும், சீமை அத்தியும் அதில் ஒட்டும். கிணற்றுச் சுவரிலும் கோயில் மதிலிலும் பறவை போட்ட விதையில் முளைத்து நிற்கிற கன்றுகளைப் பெயர்த்துப் பையில் வளர்த்து, பென்சில் கனம் வந்ததும், பூனாக் கிளையை மரத்திலிருந்து அறுக்காமலே அதோடு சேர்த்து நெருக்கு ஒட்டுக் கட்டினேன். இரண்டு கன்று பிழைத்தன. அதில் ஒன்று நான்காவது வருடமாக, பழைய டயானா செத்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, அதே மணலில் நிற்கிறது. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற நாட்டுக் கிளைகளை மட்டும் உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். குழிக்கு இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு, வருடத்துக்கு இரண்டு கூடை ஆட்டுப் புழுக்கை, சுற்றிலும் துலுக்கச் செவ்வந்தி. இவ்வளவுதான் நான் செய்தது.

மழை மாதத்தில் எல்லா வகையும் ஒன்றுபோலத்தான் பாடுபடும். இலைக்கு அடியில் செங்காவிப் பொடி படியும், பிறகு இலை கொட்டும். அதுதான் துரு. கொட்டிய இலையைக் கூட்டி எரித்துவிடுங்கள். மழை விடும் இடைவெளியில் நான் ஒரு சத போர்டோ கலவை தெளிக்கிறேன்: 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும். இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்து, சிவப்பாகப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இலை கொட்டுகிறதே என்று முதல் வருடம் நான் அழாத குறை. இப்போது அதையே கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டேன். மழை ஓய்ந்ததும், மார்கழிக் கடைசி அல்லது தை முதல் வாரத்தில், மொட்டையாக நிற்கும் கிளைகளைப் பாதிக்குக் கவாத்து செய்கிறேன். மூன்று வாரத்தில் துளிர், துளிரின் இலைக்கக்கத்தில் பிஞ்சு, கவாத்திலிருந்து நாலு நாலரை மாதத்தில் பழம். அதாவது சித்திரைக் கடைசியும் வைகாசியும். நம் ஊர் மீட்டா பகார். பூனா இந்தக் கணக்குக்கு ஒழுங்காக வருகிறது, பிரவுன் டர்க்கியும் வருகிறது. மிஷன் தன் இஷ்டத்துக்குப் பழுக்கும். என் தேர்வு பூனாவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழம் நிறம் மாறினால் பகலில் மைனாவும் அணிலும், ராத்திரியில் வௌவாலும் வந்துவிடும். வலை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். கரையில் கிழிந்த சாளை வலை கேட்டால் கொடுப்பார்கள். மரத்தை முழுக்கப் போர்த்திக் கீழே கட்டிவிடலாம். தினமும் காலையில் ஒரு முறை பாருங்கள், குருவி மாட்டியிருந்தால் எடுத்துவிட வேண்டும்.

தொண்டிக்காரிக்கு இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கடல் கிழக்கே இருக்கிறது; வாடைக்காற்று உப்பைத் தூக்கிவந்து இலையில் அப்பும். அதனால் வீட்டுக்கு மேற்கே, சுவர் மறைப்பில், வெயில் விழும் இடமாகப் பார். கழிவுத் தொட்டியிலிருந்து இருபதடியாவது தள்ளி இருக்கட்டும். குழி மூன்றடிக்கு மூன்றடி எடுத்து, மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, செம்மண் ஒரு மாட்டுவண்டி அளவுக்குச் சொல்லி வை. இங்கே நாட்டு அத்திக் கன்று ஒன்றைப் பையோடு பூனா மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒட்டு பிடித்துவிட்டது, மழைக்கு முன்னால் அறுத்து இறக்கிவிடுவேன். மழை முழுக்க அது என் தாழ்வாரத்தில் இருக்கட்டும். தை பிறந்ததும் பஸ்ஸில் மடியில் வைத்து நானே கொண்டுவருகிறேன். மிஷன் மீது உனக்கு ஆசை இருக்கும், தெரியும். அதற்கு ஒரு பாதி டிரம்மை மட்டும் அறுத்து வை, குச்சி கொண்டுவருகிறேன்.